தொரைக்குச் சொல்கிற பதில்

சுபாங் விமான நிலையத்தில் இறங்கியபோது என் பையில் ஒரு கட்டுரையும், நான் எழுதிய நூலின் சில பிரதிகளும், மனைவி கட்டிக் கொடுத்த புளியோதரையும் இருந்தன. புளியோதரையைச் சுங்க அதிகாரி பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். நூலை அவர் புரட்டக்கூட இல்லை.

அது எண்பதுகளின் பிற்பகுதி. கோலாலம்பூரை ஒட்டிய பல்கலைக்கழகம் ஒன்று, பார்வையற்றோர் கல்வி பற்றிய கருத்தரங்குக்கு என்னை அழைத்திருந்தது. மதுரையில் கல்வியியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றிருந்தேன். தமிழ்நாட்டில் பார்வையற்றோரைப் பற்றி யார் எதை எழுதினாலும் அடிக்குறிப்பில் என் பெயர் வந்துவிடும் காலம் அது. இன்று எண்பதைத் தாண்டிவிட்டேன். அந்தச் சில நாட்களை எழுதிவிட்டால் மனம் லேசாகும் என்று நான் நம்பவில்லை. பாராட்ட வேண்டிய ஒருவரைப் பாராட்ட வேண்டிய நேரத்தில் நான் பாராட்டவில்லை. அதை இப்போதாவது செய்யலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

அழைத்துப்போக வந்தவர் தனபாலன், அந்தப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம். கோலாலம்பூரில் பிறந்து வளர்ந்தும் வீட்டுப் பேச்சை விடாதவர். "களைச்சுப்போனியளோ சேர்? பிரிக்பீல்ட்ஸிலதான் உங்களுக்கு அறை எடுத்திருக்கிறன். சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை," என்றார்.

கஷ்டமில்லைதான். காலையில் இறங்கி வந்தால் நாலு பக்கமும் சாம்பார் வாசனை. அறைக்குக் கீழே ஐந்தடிப் பாதை என்கிற கடைமுன் நடைபாதையில் கடை போட்டிருந்தவர், "அங்கிள், பசியாறியாச்சா?" என்று கேட்டார். காலை உணவுக்குப் பசியாறுவது என்று அங்கே பெயர். எங்கள் ஊரில் டிபன் என்கிறோம். ஐம்பது ஆண்டு தமிழ் படித்தவனுக்கு நாணமாக இருந்தது. ரொட்டி சானாயைக் கிழித்துப் பருப்புக் குழம்பில் தோய்த்துத் தின்றேன். தேநீரை ஒரு முழ உயரத்திலிருந்து ஆற்றி நுரையோடு தந்தார்கள்.

அந்தத் தெருவில் வெள்ளைக் கோல்கள் சாதாரணமாக நடமாடின. அலுவலகத்துக்குப் போகிறவர்கள், கறிவேப்பிலை வாங்குகிறவர்கள், கோலோடு கோல் இடித்துக்கொண்டு "யாரு லா அது?" என்று சண்டைக்கு நிற்கிறவர்கள். ரயிலில் பாடிக் கை நீட்டுகிற எங்கள் ஊர்ப் பார்வையற்றவர்களை நினைத்துக்கொண்டேன். இங்கே ஒருவர் கடைக்காரரிடம், "நேத்து குடுத்த இடியப்பம் காஞ்சி போச்சு, இன்னைக்கும் அதேதானா?" என்று குறை சொல்லிக்கொண்டிருந்தார். கடைக்காரர் பதிலுக்கு முறைத்தார். அந்த முறைப்பு எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் ஊரில் உச்சுக் கொட்டியிருப்பார்கள்.

அன்று பகல் ஊர் பார்க்க மினி பஸ் ஏறினேன். முழங்கை வைக்க இடமில்லாத வண்டி. நடத்துநர் படியில் தொங்கிக்கொண்டு, "மாசோக், மாசோக், உள்ள போங்க அங்கிள்," என்று என் முதுகைத் தள்ளினார். மதுரையில் நிறுத்தத்தின் பெயரைச் சொல்லி வைத்தால் நடத்துநர் விசில் ஊதி இறக்கிவிடுவார். அந்த நம்பிக்கையில் நின்றேன். வண்டி நான் கேட்ட இடத்தைத் தாண்டி, பெயர் தெரியாத கடைசி நிறுத்தத்தில் போய் நின்றது. "பெல் அடிக்காம எப்படி அங்கிள் இறங்குவீங்க? நீங்க எங்க போறீங்கன்னு பஸ்ஸுக்குத் தெரியுமா?" என்றார் நடத்துநர். அதே வண்டியில் திரும்பி வந்தேன்.

மாலையில் தனபாலன் ஒரு பெண்ணை அறிமுகப்படுத்தினார். பரமேஸ்வரி. முப்பது வயது இருக்கும். பிறவியிலேயே பார்வை இல்லை. அரசு அலுவலகம் ஒன்றில் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை. வேலை பார்த்துக்கொண்டே பட்டம் பெற்றவர். பார்வையற்றோர் சங்கம் ஒன்றின் செயலாளர். சங்கத்தின் சார்பில் மறுநாள் கருத்தரங்கில் பேச இருப்பவர். நேராக நிமிர்ந்து உட்கார்ந்து, தே ஓ என்கிற பாலில்லாத தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தார்.

நான் அன்போடுதான் கேட்டேன்: "நாளைக்கு இறைவணக்கம் நீங்கள்தானே பாடுகிறீர்கள்?"

"எனக்குப் பாட்டு வராது சார்."

"உங்கள் சங்கத்தில் வேறு யாராவது?"

"ஏற்பாட்டுக்காரங்களும் பாடத்தான் கூப்பிட்டாங்க சார். பாட வரல, பேச வரோம்னு எழுதிப் போட்டோம். ரெண்டு மாசம் இழுத்து, பத்து நிமிஷம் குடுத்திருக்காங்க."

தனபாலன் மேசைக்கு அடியில் என் காலை மெல்ல மிதித்தார். எனக்கு அப்போதும் புரியவில்லை. நான் நடத்திய கருத்தரங்கு ஒவ்வொன்றிலும் பார்வையற்ற மாணவர் ஒருவரை அழைத்து இறைவணக்கம் பாட வைப்பேன். கைதட்டுவோம். அவரை முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டு, அவரைப் பற்றி மாலைவரை பேசுவோம். அதை மரியாதை என்று நினைத்திருந்தேன்.

சனிக்கிழமை கருத்தரங்கு. பாட்டு இல்லாமலே தொடங்கியது. காலைத் தேநீருக்குப் பிந்தைய அமர்வுக்கு நான் தலைவர். பரமேஸ்வரி பேசியதும் அந்த அமர்வில்தான். மேடையேறிப் பிரெய்ல் தாள்களை விரித்து, இரண்டு கைகளாலும் படித்தபடி ஆங்கிலத்தில் பேசினார். குரலில் கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை.

"காலையிலிருந்து இந்த அரங்கில் எங்களைப் பற்றிப் பேசுகிறார்கள். இதுவரை பேசியவர்களில் ஒருவர்கூட 'நான்' என்று தொடங்கவில்லை. எல்லாரும் 'அவர்கள்' என்றே தொடங்கினார்கள். அந்த 'அவர்கள்' பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறோம். பட்டத் தேர்வை நான் தட்டச்சு செய்து எழுதினேன். எனக்குத் தனி அறை கொடுத்தார்கள். நான் யாரையும் பார்த்து எழுதிவிடாமல் இருக்க இரண்டு கண்காணிப்பாளர்களைப் போட்டார்கள்."

பின்வரிசை சிரித்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நேரத்தில் கண்டிப்பானவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. வழக்கம்போல ஒரு துண்டுச் சீட்டில் 'ஒரு நிமிடம்' என்று எழுதி, ஓசைப்படாமல் எழுந்து போய் அவர் முன்னால் வைத்தேன்.

பார்வையற்றோரைப் பற்றி வாழ்நாள் முழுவதும் எழுதியவன் செய்த காரியம் அது.

சீட்டு அவருடைய பிரெய்ல் வரியின் மேல் விழுந்தது. விரல்கள் நின்றன. சீட்டை எடுத்துத் தடவினார், திருப்பித் தடவினார். பிறகு ஒலிவாங்கியில் சொன்னார்: "யாரோ இங்கே ஒரு தாளை வைத்திருக்கிறார்கள். இதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. தலைவர் அவர்களே, இது உங்களுடையதா?"

அரங்கம் முழுவதும் என்னைப் பார்த்தது. நான், "இல்லை, ஒன்றுமில்லை. தொடருங்கள்," என்றேன்.

"நன்றி. தலைவர் தொடரச் சொல்கிறார்."

கொடுத்த நேரத்தைப்போல இரு மடங்கு பேசினார். நிறுத்த எனக்கு வாயில்லை. முடிந்தபோது பின்வரிசைக்காரர்கள் கோல்களால் தரையைத் தட்டினார்கள். நானும் கைதட்டினேன், எல்லாரையும்விடக் கொஞ்சம் பலமாகவே.

பகல் உணவில் தனபாலனின் துறைத்தலைவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மென்மையாகப் பேசுகிற மலாய்க்காரர். அன்னாசித் துண்டுகளை என் தட்டில் எடுத்து வைத்தபடி சொன்னார்: "இந்தப் பெண் முதுகலை ஆய்வுக்கு விண்ணப்பித்திருக்கிறார். கிள்ளான் பள்ளத்தாக்கில் வேலை செய்யும் பார்வையற்றவர்களின் வாழ்க்கை பற்றி. சேர்க்கைக் குழு தயங்குகிறது. தன்னைப் போன்றவர்களையே ஆராய்கிறார், விலகி நின்று பார்க்க முடியுமா என்று கேட்கிறார்கள். இந்தத் துறையில் நீங்கள் மூத்தவர். உங்கள் கருத்து என்ன?"

நான் யோசிக்கவே இல்லை. "நல்ல பெண். ஆனால் ஆய்வாளராக இருப்பதைவிட, நல்ல ஆய்வாளர் ஒருவருக்குத் தகவல் தருபவராக இருந்தால் அதிகம் பயன்படுவார்," என்றேன்.

அவர் தலையசைத்தார். எதிரே உட்கார்ந்திருந்த தனபாலன் சாப்பிடுவதை நிறுத்தினார். அன்னாசி நன்றாக இருந்தது. இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டேன். அந்தச் சீட்டின் அவமானம்தான் என்னை அப்படிப் பேச வைத்தது என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது உண்மையில்லை. சீட்டு இல்லாவிட்டாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அன்று மாலை அறைக்குத் தொலைபேசி வந்தது. பரமேஸ்வரி.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை, சும்மாதான சார் இருப்பீங்க? கிள்ளான் வரீங்களா? எங்க சங்கத்து ஆளுங்களைப் பாக்கலாம். சோறும் நல்லா இருக்கும்."

சோற்றுக்காகவே ஒத்துக்கொண்டேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

மறுநாள் பேருந்து நிலையத்தில் அவரை ஏற்றிவிடலாம் என்று கையைப் பற்றி முன்னால் தள்ளினேன். அவர் மெல்ல விடுவித்துக்கொண்டார். "நீங்க என்னைப் பிடிக்காதீங்க சார். நான் உங்களைப் பிடிச்சிக்கிறேன்." என் முழங்கைக்கு மேலே இரண்டு விரல்களை வைத்துக்கொண்டு ஏறினார். இந்த முறையைப் படத்தோடு என் நூலில் விளக்கியிருக்கிறேன். படம் வரைந்தவர் வேறொருவர்.

கிள்ளானில் ஆற்றுப் பாலத்துக்கு அருகே, லாரி டயர் கடைக்கு மேல்மாடியில் அவர்களுடைய கூடம். ரப்பர் வாசனை. பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். படியேறும்போதே ஒரு குரல்: "பரமேஸ் அக்கா, யாரைக் கூட்டிட்டு வரீங்க? செண்டு வாசனை பலமா இருக்கு. பெரிய ஆளா?"

"இந்தியாவிலேருந்து புரொபசர்."

"ஐயோ. நான் சட்டைப் பட்டன் போட்டுக்கணுமா?"

"நீ சட்டையே போடலன்னாலும் இங்க யாருக்கு என்ன லா?" என்றார் இன்னொருவர். கூடமே சிரித்தது. என்னைத் தவிர வேறு யாருக்கும் அங்கே பார்வை இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பட்டன் பற்றிக் கேட்டவர் ஆறுமுகம். பந்திங் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவர். ஷா ஆலத்தில் ஒரு தொழிற்சாலையில் மின்செருகிகளைப் பூட்டும் வேலை. பரமேஸ்வரி என்னிடம், "நீங்க ஏதாச்சும் கேக்கணும்னா கேளுங்க சார்," என்றார். உற்சாகமானேன். எத்தனையோ கேள்வித்தாள்களை நிரப்பிய அனுபவம். வேலை எப்படி, சம்பளம் ஒழுங்காக வருகிறதா, தங்கும் இடம் எப்படி என்று வரிசையாகக் கேட்டேன்.

"நல்லா இருக்குங்க. சூப்பர்வைசர் தங்கமான மனுசன். வீட்டுக்காரரும் ரொம்ப நல்லவருங்க. ஒரு குறையும் இல்லீங்க," என்றார் ஆறுமுகம். மதுரையிலும் திருநெல்வேலியிலும் எனக்குக் கிடைத்த அதே பதில்கள்.

நான் முடித்ததும் பரமேஸ்வரி நாற்காலியை இழுத்து அவர் அருகே போட்டு, பிரெய்ல் பலகையில் தாளைச் செருகி, ஊசியைக் கையில் எடுத்தார். "இப்ப நான் கேக்கறேன். சார் இங்கதான் உக்காந்திருக்காரு. இருக்கலாமா?"

ஆறுமுகம் கொஞ்சம் யோசித்தார். "இருக்கட்டும். பேசக்கூடாது."

"ராத்திரி என்ன சாப்பிட்ட?"

"கடைச் சோறுதான்க்கா."

"ஏன், சமைக்கத் தெரியாதா?"

"எனக்கா? எங்க எஸ்டேட் லயத்து வீடுங்கள்லேயே என் மீன்கறிக்கு வரிசை நிப்பாங்க. அந்த வீட்டுக்காரன் அடுப்பு வைக்க விடமாட்றான். கொளுத்திடுவேனாம். நாலு வீடு மாறிட்டேன், எல்லாரும் அதேதான். இருக்கற ரூமையும் விட்டுட்டா எங்க போறது? அதான் பேசறதில்ல."

"சூப்பர்வைசர்?"

"என் பெட்டியிலேருந்து எடுத்து அவன் மச்சான் பெட்டியில போடறான். எண்ணிக்கை குறையுதுன்னு எனக்குத் திட்டு. சத்தம் கேக்குதுக்கா, பிளாஸ்டிக் விழற சத்தம். சொன்னா யார் நம்புவா?"

ஊசி டக்டக்கென்று ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் இடையே அவர் அவசரப்படவில்லை. சில சமயம் அவரும் தன் வீட்டுக்கதையைச் சொன்னார். இருவரும் சேர்ந்து யாரையோ திட்டினார்கள். நான் கற்பித்த ஆய்வுமுறையில் அதெல்லாம் தவறு. ஆனால் ஒரு மனிதன் அங்கே என் கண்முன்னால் பேசிக்கொண்டிருந்தான். என்னிடம் அப்படி யாரும் பேசியதில்லை.

சோறு வந்தது. வாழையிலை மேல் நண்டுக் குழம்பும் கத்தரிக்காய்ப் பிரட்டலும். ஆறுமுகம் குழம்பை வாயில் வைத்துவிட்டு, புளி தூக்கல் என்று தீர்ப்புச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, வருத்தப்படாதீர்கள் என்பது போலச் சொன்னார்:

"தப்பா நெனைக்காதீங்க சார். எஸ்டேட்ல வெள்ளைக்காரத் தொர லயத்துக்கு வந்து, தண்ணி ஒழுங்கா வருதான்னு கேப்பாரு. வருதுங்க தொரன்னு எங்கப்பா சொல்லுவாரு. பைப்புல காத்துதான் வரும். கேள்வித்தாளோட யாரு வந்தாலும் எங்க பதில் அதுதான். தொரைக்குச் சொல்ற பதில்."

என் நூலில் தங்குமிடம் பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. பார்வையற்றவர்களில் பெரும்பாலோர் தம் இருப்பிடம் குறித்து மனநிறைவுடன் இருக்கிறார்கள் என்பது அதன் முடிவு. அந்த அத்தியாயத்தை வைத்துத்தான் எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். இலையை மடித்துவிட்டுக் கை கழுவப் போனேன்.

திரும்பும் வழியில் ஷா ஆலத்துக்கு அருகே பேருந்து நின்றுவிட்டது. முன்பக்கமிருந்து ஆவி கிளம்பியது. மழையும் பிடித்துக்கொண்டது. ஓட்டுநர் இறங்கிப் பார்த்து மலாயில் ஏதோ சொன்னார். "இன்னொரு பஸ் வரும்னு சொல்றாரு. வராது," என்றார் பரமேஸ்வரி. பயணிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, வறுத்த கடலையைப் பகிர்ந்து தின்னத் தொடங்கினார்கள். எங்கள் ஊராக இருந்தால் இந்நேரம் ஓட்டுநரின் வம்சம் முழுவதும் பேச்சில் வந்திருக்கும்.

அங்கேதான் சொன்னேன். "உங்கள் விண்ணப்பம் பற்றித் துறைத்தலைவர் என்னிடம் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்."

"தெரியும் சார். தனா சார் நேத்தே சொல்லிட்டாரு. அதனாலதான் உங்களைக் கிள்ளானுக்குக் கூப்பிட்டேன்."

"நான் தவறு செய்துவிட்டேன். என்னை மன்னித்துவிடுங்கள்," என்றேன்.

"அதை என்கிட்ட சொல்லி என்ன சார் ஆவும்? என்னைச் சேக்கறது நானா? எங்க சொன்னீங்களோ அங்க போய்ச் சொல்லுங்க." கோலை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "நானும் இருக்கும்போது சொல்லுங்க. இதுவரைக்கும் எல்லாம் நான் இல்லாதப்பதான் சொல்லியிருக்காங்க."

அவருக்கு இது இரண்டாவது விண்ணப்பம். இந்தமுறையும் தள்ளினால் மூன்றாவது இல்லை என்று அவர் வேலை பார்க்கும் அலுவலகத்தில் சொல்லியிருந்தார்களாம். மாலைநேரப் படிப்புக்கு அனுமதி தரமாட்டார்கள். இதையெல்லாம் மழையைப் பற்றிப் பேசுவதுபோலச் சொன்னார். கடலை கொடுத்த சீனப் பெண்மணிக்கு மலாயில் நன்றி சொன்னார்.

திங்கட்கிழமை இரவு எனக்கு விமானம். காலையில் தனபாலனின் காரில் மூவரும் பல்கலைக்கழகம் போனோம். துறைத்தலைவர் வரவேற்று உட்கார வைத்தார். நான் சொன்னேன்: சனிக்கிழமை நான் சொன்ன கருத்து தவறு. எனக்குக் கிடைக்காத பதில்கள் இவருக்குக் கிடைப்பதை நேற்று நேரில் கேட்டேன். என் நூலின் ஓர் அத்தியாயத்தையே நான் திரும்பப் பெற வேண்டியிருக்கும். இதைப் பரமேஸ்வரி பக்கத்தில் இருக்கும்போது சொல்வது கடினமாக இருந்தது. அவர் இல்லாமல் சொல்லியிருந்தால் இன்னும் அழகாகச் சொல்லியிருப்பேன், பாதியை விட்டிருப்பேன்.

துறைத்தலைவர் நெற்றியைத் தேய்த்தார். "நீங்கள் சொன்னதைக் குழுவில் இருவரிடம் சொல்லிவிட்டேனே பேராசிரியரே."

"அவர்களையும் கூப்பிடுங்கள்," என்றேன்.

அவர் யோசித்துவிட்டு என்னிடமே கேட்டார்: "இவரால் புள்ளிவிவரங்களைக் கையாள முடியுமா?"

"கேள்வி எனக்கா, அவருக்கா?" என்றார் பரமேஸ்வரி.

துறைத்தலைவர் உண்மையாகவே வெட்கப்பட்டார். நல்ல மனிதர். நாற்காலியைப் பரமேஸ்வரி பக்கம் திருப்பிக்கொண்டு, "மன்னியுங்கள். உங்களுக்குத்தான்," என்றார்.

"அப்படின்னா சார் வெளியில இருக்கலாம்," என்று பரமேஸ்வரி தமிழில் என்னிடம் சொன்னார்.

வெளித் தாழ்வாரத்தில் உட்கார்ந்தேன். கதவுக்குப் பின்னால் அவர் குரல் ஏற்ற இறக்கமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. பார்வையற்றவர்களைப் பற்றிய ஒரு கூட்டம் என்னை வெளியே வைத்து நடந்தது அதுதான் முதல் முறை. கொஞ்ச நேரத்தில் விரிவுரையாளர்கள் இருவர் விரைந்து உள்ளே போனார்கள். குமாஸ்தா ஒருவர் வெளியே வந்து, உள்ளே நாற்காலி போதவில்லை, இதை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். எழுந்து கொடுத்தேன். அவர் தூக்கிக்கொண்டு போனார். நான் நின்றுகொண்டிருந்தேன்.

பகல் உணவு நேரம் தாண்டிப் பரமேஸ்வரி வந்தார். கோலை விரித்தபடியே சொன்னார்: "சேத்துக்கிட்டாங்க சார். ஒரு கண்டிஷனோட."

"என்ன?"

"கண்ணு தெரிஞ்ச ஒருத்தரு கூட வந்து எல்லாத்தையும் பாத்துச் சரின்னு கையெழுத்துப் போடணுமாம்."

எனக்குக் கோபம் வந்தது. "நீங்கள் ஒத்துக்கொண்டீர்களா?"

"ஒத்துக்கிட்டேன். நானும் ஒரு கண்டிஷன் போட்டேன். வரவரு யாரா இருந்தாலும் வாயைத் திறக்கக்கூடாது. மொதல்ல சிரிச்சாங்க. அப்புறம் அதையும் எழுதிக்கிட்டாங்க."

நாங்கள் மூவரும் காரை நோக்கி நடந்தோம். அவருடைய இரண்டு விரல்கள் தனபாலனின் முழங்கைக்கு மேலே இருந்தன. அந்த நடையைப் பார்த்துக்கொண்டே வந்த எனக்கு ஓர் ஆசை வந்தது. ஓய்வு பெற்றவன்தான், இரண்டு மூன்று மாதம் இங்கே வந்து தங்கினால் என்ன?

"அந்தக் கண் தெரிந்த ஆளாக நான் வரட்டுமா?" என்று கேட்டேன்.

அவர் நின்றார். நான் விளையாட்டாகக் கேட்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நன்றாகவே யோசித்தார்.

"நீங்க பேசாம இருப்பீங்களா சார்?"

"இருப்பேன். ஆனால் இடையில் எங்கேயாவது ஒரு விளக்கம் தேவைப்பட்டால், நான்…"

"வேற ஆள் பாத்துக்கிறேன் சார்," என்றார்.